சாவடியில் நிற்காமல் ஓடுகிறவர்கள்

1. நீளமான இழை. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. மாரத்தான், சைக்கிள், டிரையத்லான்னு ஞாயிறு காலை கிளம்புறவங்களும், அவங்களை வீட்டிலிருந்து அனுப்பி வைக்கிறவங்களும் கடைசி வரை படிங்க. விளையாட்டு நாகரிகம் பத்தின வரலாறுதான். ஆனா ஒரு உயிர் விஷயமும் இதில் இருக்கு.

2. பெரிய முதலியார்சாவடி தெரியும்ல? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி புதுச்சேரி பக்கம் வரும்போது, ஆரோவில்லுக்குத் திரும்புற இடம். ஒரு பக்கம் மீனவர் குப்பம், கடல். இன்னொரு பக்கம் செம்மண் காடு. சில வருஷம் முன்னாடி அந்தப் பக்கம் ஒரு ஓட்டத்துக்கு மருத்துவ உதவிக்குப் போயிருந்தேன். எந்த ஓட்டம் என்பது முக்கியமில்லை. ஆரோவில் ஓட்டம் இல்லை, அதை மட்டும் சொல்லிடறேன்.

3. தண்ணீர் மேசையில் ஒரு பள்ளி மாணவி. காலை அஞ்சு மணியிலிருந்து நின்னு கப் கப்பா நீட்டிட்டு இருந்தாள். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் வந்தார். கப்பை வாங்கி அவள் காலடியிலேயே விசிறினார். "ஐஸ் வாட்டர் வைக்கத் தெரியாதா? எதுக்கு நிக்கிறீங்க?"ன்னு கத்தல், கூடவே ஒரு கெட்ட வார்த்தை. பொண்ணு முகம் சுருங்கிப் போச்சு.

4. எனக்குக் கோபம் வந்துடுச்சு. "சார், மரியாதையா பேசுங்க. சின்னப் பிள்ளைகிட்ட இப்படியா?"ன்னு கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், ஆனா பார்வை என் மேல் நிற்கலை. திரும்பி, வந்த திசையிலேயே நாலு அடி நடந்தார். அப்பத்தான் எனக்கு உறைத்தது. இது திமிர் இல்லை, மூளை சூடாகிப் போன மனுஷன். அடுத்த நிமிஷம் மண்ணில் சாய்ந்தார்.

5. ஆசனவாய் வழியா வெப்பம் பார்த்தோம். 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். கூடாரத்தில் இருந்த ஐஸ் கொஞ்சம்தான், போதலை. சாலை ஓரம் மீன் கூடையோடு நின்ன ஒரு அம்மா, நாங்க கேட்கிறதுக்கு முன்னாடியே தன் ஐஸ் பெட்டியை இழுத்துட்டு வந்து கவிழ்த்தாங்க. அன்னிக்குக் காலையெல்லாம் "ஓரமா போம்மா, வழி விடும்மா"ன்னு ஓடுறவங்க அதட்டிட்டே போனது அந்த அம்மாவைத்தான். மனுஷன் பிழைச்சார். மீன் வாசனையோடு கண் விழிச்சார்.

6. எனக்கு இரண்டு விஷயம் இன்னும் உறுத்துது. ஒண்ணு, டாக்டரான நானே முதலில் நோயைப் பார்க்கலை, மரியாதைக்குறைவைத்தான் பார்த்தேன். இரண்டு, அவர் தள்ளாடிட்டு வந்த அந்த ஒரு கிலோமீட்டரில் எத்தனையோ பேர் அவரைத் தாண்டி வந்திருக்காங்க. "பின்னாடி ஒருத்தர் சரியில்லை"ன்னு யாரும் எங்ககிட்ட சொல்லலை. எல்லாரும் நல்ல மனுஷங்கதான். ஏன் சொல்லலை? இந்தக் கேள்வியோடதான் வரலாற்றுப் பக்கம் போனேன்.

7. முதலில் 'அமெச்சூர்' என்ற சொல். காசுக்காக இல்லாமல் ஆசைக்காக விளையாடுபவர் என்று பொருள். கேட்க அழகா இருக்கு. ஆனா 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதன் அர்த்தமே வேற. 1879-ல் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் எழுதிய விதிப்படி கைத்தொழில் செய்பவர், கூலி வேலை செய்பவர் அமெச்சூர் ஆக முடியாது. காசு வாங்கியிருக்காரா என்பது மட்டும் கேள்வி இல்லை. கையால் உழைக்கிறவரா என்பதும் கேள்வி. அந்த விதி எடுக்கப்பட்டது 1937-ல்தான்.

8. அதாவது 'ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்' என்று நாம மரியாதையா சொல்ற சொல் பிறந்த வீட்டிலேயே ஒரு வேலி இருந்தது. கனவான்களுக்குத்தான் நாகரிகம் தெரியும், உழைப்பாளிக்குத் தெரியாது என்ற நம்பிக்கை. ஓட்டப் பந்தயங்களை நடத்தின அங்கத்திய தடகளச் சங்கம் 1880-ல் தொடங்கும்போதே இந்த வேலியைச் சேர்க்க மறுத்துடுச்சு. அதனால ஓட்டம் ஓரளவு எல்லாருக்கும் திறந்தது.

9. சரி, அந்தக் கனவான் காலத்து நாகரிகம் எப்படி இருந்தது? 1904, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானைப் பாருங்க. ஆகஸ்ட் வெயில், புழுதி ரோடு, முன்னாடியும் பின்னாடியும் மோட்டார் வண்டிகள் கிளப்புற தூசி. 32 பேர் கிளம்பி 14 பேர் மட்டுமே முடித்தார்கள். ஒழுங்கான தண்ணீர் வசதி வழியில் ஒரே ஒரு கிணறுதான். தண்ணீர் குறைந்தால் உடம்பு என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை நடத்தியவருக்கே இருந்தது!

10. முதலில் கோட்டைத் தொட்டவர் பிரெட் லோர்ஸ். கைதட்டல் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சது, மனுஷன் நடுவில் பெரிய தூரம் காரில் வந்திருக்கார். சும்மா வேடிக்கைக்குச் செஞ்சேன்னார். தடை போட்டாங்க. பிறகு மன்னிச்சாங்க. 1905-ல் பாஸ்டன் மாரத்தானை நிஜமாவே ஓடி ஜெயிச்சார்.

11. தங்கம் போனது தாமஸ் ஹிக்ஸுக்கு. அவர் தண்ணீர் கேட்டப்போ உதவியாளர்கள் குடிக்கக் கொடுக்கலை. அதுக்குப் பதிலா ஸ்ட்ரிக்னைன் என்ற மருந்தை முட்டை வெள்ளைக்கருவில் கலந்து கொடுத்தாங்க. நம்ம ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கிற அதே விஷம். அடுத்த முறை கூடவே பிராந்தி. கடைசியில் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துத்தான் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். இன்னொரு டோஸ் கொடுத்திருந்தா பதக்கத்தைப் பிணத்தின் கழுத்தில் போட்டிருக்க வேண்டியதுதான்.

12. இப்ப சொல்லுங்க. காரில் வந்தவர் மோசடி செஞ்சார், சரி. தாகத்தில் தவிக்கிறவனுக்குத் தண்ணீர் தராமல் விஷம் தந்தவங்க? அன்றைய விதியில் அது குற்றமே இல்லை. விதி எதை எண்ணுகிறதோ அதைத்தான் மனுஷங்க பார்க்கிறாங்க. எண்ணாததைக் கண்டுக்கவே மாட்டாங்க. இதை மனசில் வைங்க, திரும்ப வரும்.

13. நாலு வருஷம் கழிச்சு, 1908 ஜூலை 24, லண்டன். இத்தாலிக்காரர் டொராண்டோ பியெத்ரி முதல் ஆளா மைதானத்துக்குள் வந்தார். வந்து தப்பான பக்கம் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். அஞ்சு தடவை. கடைசி 350 மீட்டருக்கு மட்டும் சுமார் 10 நிமிஷம். அவரைத் தூக்கி நிறுத்தினவர்களில் ஒருத்தர் டாக்டர் மைக்கேல் பல்ஜர், அந்தப் போட்டியின் மருத்துவ அதிகாரி. அமெரிக்க அணி புகார் கொடுத்தது. பியெத்ரி தகுதி நீக்கம், தங்கம் ஜானி ஹேய்ஸுக்கு. மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா பியெத்ரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்.

14. ஹேய்ஸ் யாரையும் ஏமாத்தலை, சொந்தக் காலில் ஓடினவர். புகாரும் நியாயம்தான். ஆனா அந்த நாள் ஓட்டக்காரங்க மனசில் ஒரு பயத்தை விதைச்சுது. டாக்டர் தொட்டா அவுட்.

15. அந்தப் பயத்தின் விளைவை 1984-ல் உலகமே டிவியில் பார்த்தது. லாஸ் ஏஞ்சல்ஸ், ஒலிம்பிக்கில் பெண்களுக்கான முதல் மாரத்தான். சுவிட்சர்லாந்தின் கேப்ரியலா ஆண்டர்சன்-ஷீஸ் உடம்பு ஒரு பக்கமா கோணி, தள்ளாடி உள்ளே வந்தார். மருத்துவர்கள் கிட்ட போனா, தொடாதீங்கன்னு கையை வீசினார். கடைசிச் சுற்றுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல். 37-வதாக முடித்து அங்கேயே சாய்ந்தார். வியர்க்குது, அதனால் ஆபத்தில்லை என்று நினைத்து அவரை விட்டார்களாம்.

16. இங்கே ஒரு டாக்டரா குறுக்கிடறேன். "வியர்வை நின்னாத்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்பது தப்பு. வீட்டில் வெயில் தாங்காமல் சுருளும் வயசானவங்களுக்கு அப்படி இருக்கலாம். ஓடி ஓடி வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் தொப்பலா நனைஞ்சே இருப்பார். அதிலும் நம்ம கடற்கரையில் காத்திலேயே ஈரம். வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது, ஆவியாகாமல் உடம்பு குளிராது. ஆண்டர்சன்-ஷீஸ் பிழைச்சது அவரோட நல்ல நேரம். பின்னாளில் தடகள விதியும் மாறிச்சு: அதிகாரபூர்வ மருத்துவக் குழு தொட்டுப் பரிசோதிப்பது உதவியாகக் கணக்கில் வராது. பல அமெச்சூர்களுக்கு இது இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கோங்க.

17. இந்தியா பக்கம் வருவோம். 1919-ல் பூனாவில் டெக்கான் ஜிம்கானா நடத்திய ஓட்டத்தை சர் தோராப்ஜி டாடா பார்த்தார். ஓடினவங்க பெரும்பாலும் வயலில் வேலை செய்யும் விவசாயப் பிள்ளைகள், வெறுங்கால். அவங்க ஓடின நேரத்தைப் பார்த்து அசந்து போய்த்தான் 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்ப ஏற்பாடு செஞ்சார். அங்கே மாரத்தானில் பி.டி. சௌகுலே 19-வது இடம், 2 மணி 50 நிமிஷ ஓட்டம்.

18. கவனிச்சீங்களா? கையால் உழைக்கிறவன் அமெச்சூர் இல்லைன்னு ஹென்லியில் விதி அமலில் இருந்த அதே நேரத்தில், இந்தியாவின் நெடுந்தூர ஓட்டம் உழைப்பாளிப் பிள்ளைகளின் வெறுங்காலில் தொடங்கியிருக்கு. இன்னிக்கு நம்ம கடற்கரைச் சாலையில் கார்பன் சைக்கிளில் போறவர் மீன் பெட்டி கட்டின சைக்கிள்காரரைப் பார்த்து "ஓரம் போ"ன்னு கத்தும்போது, பேசுறது ஹென்லியின் வாய்தான். அந்தப் பெரியவர் வருஷம் 365 நாளும் அந்தச் சுமையோடு அதே ரோட்டில் மிதிக்கிறார். அவருக்குப் பதக்கமும் இல்லை, ஜெல் பாக்கெட்டும் இல்லை.

19. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்றவங்களையும் நினைச்சுப் பாருங்க. நிழலே இல்லாத பாத்தி, கீழே வெள்ளை உப்பிலிருந்து எதிரொளிக்கிற வெயில், காலில் உப்பு நீர். கழிப்பறை வசதி இல்லைன்னு பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைச்சுக்கிறாங்க. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வுகள் இந்த வெப்பம் சிறுநீரகத்தைப் பாதிப்பதைக் காட்டியிருக்கு. தாங்குதிறன் விளையாட்டுன்னு நாம விரும்பிச் செய்றதை அவங்க கூலிக்குச் செய்றாங்க.

20. நல்ல கதையும் இருக்கு. 1956, மெல்போர்ன், ஆஸ்திரேலிய ஒரு மைல் பந்தயம். 19 வயசு ரான் கிளார்க் கால் தடுக்கி விழுந்தார். பின்னால் வந்த ஜான் லாண்டி அவரைத் தாண்டிக் குதிச்சவர், நின்னு திரும்பி வந்தார். அடிபட்டுச்சான்னு பார்த்தார். அப்புறம் ஓட ஆரம்பித்து எல்லாரையும் பிடித்து ஜெயிச்சார். நேரம் 4 நிமிஷம் 4 வினாடி. உலக சாதனை வாய்ப்பு போச்சு. ஆனா மெல்போர்னில் இன்னிக்கும் சிலையா நிற்கிறது அந்த நின்ன கணம்தான்.

21. மரியாதைக்குறைவு ஓடுறவங்க பக்கம் மட்டும் இல்லை. 1967 பாஸ்டனில் கேத்ரின் ஸ்விட்சர் 261-ம் எண்ணோடு ஓடிட்டு இருந்தார். பெண்ணாச்சே என்று போட்டி அதிகாரி ஜாக் செம்பிள் வழியில் பாய்ந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். அங்கே பெண்களை முறையா அனுமதிச்சது 1972-ல். பிறகு இரண்டு பேரும் சமாதானமாகி நண்பர்களாவே இருந்தாங்க. மனுஷங்க மாறுவாங்க என்பதுக்காகத்தான் இதையும் சொல்றேன்.

22. இப்போ நம்ம காலம். டைமிங் சிப், ஜி.பி.எஸ். வாட்ச், ஓடி முடிச்ச அடுத்த நொடி ஸ்டேட்டஸ். எண்ணுவது பெருகிடுச்சு. 2018 ஷென்சென் அரை மாரத்தானில் 258 பேர் பிடிபட்டாங்க. பெரும்பாலானவங்க புதருக்கு நடுவில் குறுக்கு வழியில் ஓடினவங்க. 2017 மெக்சிகோ சிட்டி மாரத்தானில் 5,000-க்கும் மேற்பட்டவங்க தகுதி நீக்கம். இவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குப் பரிசுப் பணம் கிடைக்கிற வாய்ப்பே கிடையாது. ஒரு எண்ணுக்காக, ஒரு போட்டோவுக்காக.

23. நாம அவ்வளவு மோசம் இல்லைதான். ஆனா சின்னச் சின்னதா செய்றோம். அடுத்தவர் பிப் நம்பரில் ஓடுறது (அவர் மயங்கி விழுந்தா எங்க கையில் இருக்கிற ரத்த வகையும் வீட்டு போன் நம்பரும் வேற ஆளோடது!). நாலு பேர் கைகோத்து ரோட்டை அடைச்சு நடக்கிறது. ஜெல் பாக்கெட்டை வயல் வரப்பில் வீசுறது. மெதுவா வர்றவங்களைப் பார்த்து நக்கல். தண்ணீர் தர்ற பிள்ளைகிட்ட எரிஞ்சு விழறது.

24. இதுக்கு மாத்து மருந்தை அதே பெரிய முதலியார்சாவடியிலிருந்து மேற்கே திரும்பின செம்மண் காட்டில் ஒரு கூட்டம் 2008-லேயே சோதிச்சுப் பார்த்தது. ஆரோவில் மாரத்தான். பிப்ரவரியில் காட்டுப் பாதையில் ஓட்டம். பரிசுத் தொகை கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. ஓடும் சந்தோஷத்துக்காக ஓடுங்கன்னாங்க. அதனால எல்லாரும் ஞானி ஆகிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நின்னு ஒருத்தருக்குக் கை கொடுத்தா இழக்கிறதுக்கு எதுவும் இல்லை என்ற நிலை வந்தாலே, மனுஷன் நிற்கிறது சுலபமாகுது. 12-ம் பதிவில் சொன்னது இதுதான்.

25. சரி, மருத்துவத்துக்கு வருவோம். சேமிச்சு வைங்க. நெடுந்தூர ஓட்டத்தில் ஒருத்தர் திடீர்னு கோபம், கெட்ட வார்த்தை, உளறல், திசை மாறி நடத்தல், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் என்று மாறினா, அது குணமா இருக்கலாம், ஹீட் ஸ்ட்ரோக்காவும் இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை குறைஞ்சிருக்கலாம். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிச்சு சோடியம் குறைஞ்சிருக்கலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரைப் பரிசோதிச்சதில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவு. "நிறையக் குடி, நிறையக் குடி" எப்பவும் நல்ல அறிவுரை இல்லை.

26. சுலபமான சோதனை: பேர் என்ன? எந்த ஊர்? எத்தனை கிலோமீட்டர் ஆச்சு? மூணுக்கும் தெளிவா பதில் சொல்லிட்டுத் திட்டினா, அவர் வெறும் கோபக்காரர், விட்டுடுங்க. பதில் தடுமாறினா உட்கார வைங்க, கையை விடாதீங்க, மருத்துவக் குழுவுக்கும் 108-க்கும் ஆள் அனுப்புங்க. குழப்பத்தில் இருக்கிறவர் வாயில் தண்ணீரை வலுக்கட்டாயமா ஊத்தாதீங்க.

27. ஹீட் ஸ்ட்ரோக்னு சந்தேகமா? முதலில் குளிர்விங்க, அப்புறம் ஏத்திட்டுப் போங்க. ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தா கழுத்து வரை உட்கார வைங்க, தலை மூழ்காமல் ஒருத்தர் பிடிச்சுக்கணும். தொட்டி இல்லைன்னா ஐஸ் தண்ணீரில் நனைச்ச துண்டுகளை உடம்பெங்கும் மாத்தி மாத்திப் போடுங்க, விசிறுங்க. முதல் அரை மணி நேரம்தான் எல்லாம். அமெரிக்காவின் பால்மவுத் ஓட்டத்தில் 18 வருஷத்தில் 274 ஹீட் ஸ்ட்ரோக். உடனே ஐஸ் தொட்டியில் போட்டதால் ஒருத்தர்கூடச் சாகலை. பாராசிட்டமால் இதுக்கு வேலை செய்யாது, கொடுக்காதீங்க.

28. கடைசியா இன்னொரு நெடும்பயணம். இதே கடற்கரையின் தென்கோடி உப்புக்காக. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தாங்க, ஏறக்குறைய 240 கிலோமீட்டர், 15 நாள். கிளம்பினது டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து, அவர் ஒரு டாக்டர். சோறோ தங்க இடமோ கொடுத்தா தண்டனைன்னு தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? சோத்துப் பொட்டலத்தை வழியோர மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டாங்க. யார் கொடுத்தான்னு தெரியாது, நடக்கிறவன் எடுத்துச் சாப்பிட்டுக்கலாம்.

29. 'சாவடி' என்ற சொல்லுக்கு அர்த்தமே வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். சத்திரம், சாவடி, சுமைதாங்கிக் கல், தண்ணீர்ப் பந்தல் எல்லாம் வழியில் போறவனுக்கு வழியோரத்தில் இருக்கிறவன் செய்த ஏற்பாடு. அந்த மாணவியின் மேசையும் ஒரு சாவடிதான். மீன்கார அம்மாவின் ஐஸ் பெட்டியும்.

30. அன்னிக்கு அந்த ஓட்டக்காரர் தேறின பிறகு அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. அந்தப் பொண்ணைத் திட்டினது உட்பட. நான் சொன்னேன். கூனிக் குறுகிட்டார். சக்கர நாற்காலியிலேயே தள்ளிட்டுப் போகச் சொல்லி, அவளைப் பார்த்து "மன்னிச்சுடும்மா"ன்னார். அவள் சிரிச்சுட்டு, "அங்கிள், இப்பவாச்சும் தண்ணி குடிக்கிறீங்களா?"ன்னா. நானும் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன், கோபப்பட்டு நின்ன அந்த ஒரு நிமிஷத்துக்காக.

31. வர்ற ஞாயிறு ஓடுறீங்களா? முன்னாடி ஒருத்தர் தள்ளாடினா உங்க வாட்சை நிறுத்திட்டு அவர் பேரைக் கேளுங்க. ரெண்டு நிமிஷம் போகும். போகட்டும். ஜெல் பாக்கெட்டைப் பாக்கெட்டிலேயே வைங்க. மீன் கூடை எதிரே வந்தா நீங்க ஓரம் போங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓ.பி. முடிச்சுட்டு வந்து பதில் சொல்றேன்.